பத்துப் பேர் படிக்கும் வகுப்பின் தேர்ச்சி விகிதம்: சிறிய அரசுப் பள்ளிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய அரசுப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். சேர்க்கை நடக்கும் நாட்களிலும் தேர்வு முடிவு வந்த வாரத்திலும் பெற்றோர் வந்து கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் மணி அடித்துவிடுமே என்ற அவசரத்தில் வாசலில் நின்றபடி பாதிப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மீதிப் பாதி இது.

எத்தனை பேர் படித்தால் அது சிறிய பள்ளி?

நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. என் அளவுகோல் எளிது: தலைமை ஆசிரியர் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பதிவேட்டைப் புரட்டாமல் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தால் அது சிறிய பள்ளி. எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால், வகுப்புக்கு ஒரே பிரிவு, அதிலும் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் பள்ளியை மனதில் வைத்து இந்தப் பதில்களைப் படியுங்கள்.

போன வருஷம் 100 சதவீதத் தேர்ச்சி, இந்த வருஷம் 70. ஒரே வருஷத்தில் பள்ளி இப்படி இறங்கிவிட்டதே?

எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்துப் பேர் என்றால், இறங்கியது 30 சதவீதம் இல்லை, மூன்று பிள்ளைகள்.

இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் நான் உட்கார்ந்திருந்த நாள் நினைவிருக்கிறது. பத்துப் பெயர், மூன்றுக்கு நேரே சிவப்பு மை. ஒரு பையன் கணக்குத் தேர்வன்று காய்ச்சலோடு வந்து, ஒரு மணி நேரத்தில் தாளைக் கொடுத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துவிட்டான். ஒரு பெண் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே நடத்திய பாடம் வேறு, இங்கே நடந்துகொண்டிருந்த பாடம் வேறு. மூன்றாவது பையன் விஷயத்தில் தப்பு எங்கள் மேல். அறிவியலில் அவன் பின்தங்குவது முதல் பருவத்திலேயே தெரிந்தது. சமாளித்துவிடுவான் என்று விட்டுவிட்டோம். இந்த மூன்றில் பள்ளியின் தரத்தைப் பற்றிப் பேசுவது கடைசி ஒன்றுதான். அறிவிப்புப் பலகையில் 70 என்று எழுதும்போது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் எந்தப் பிள்ளையும் தேர்ச்சி பெற 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அதே ஆசிரியர், பாடம் அதே பாடம், எதுவும் மாறவில்லை. அப்படிப்பட்ட பள்ளிகள் 100 இருந்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் தேர்வு எழுதினால், சுமார் 11 பள்ளிகள் 100 சதவீதம் காட்டும். சுமார் 12 பள்ளிகள் 60 அல்லது அதற்கும் கீழே நிற்கும். முதல் 11 பள்ளிக்குப் பாராட்டு விழா, கடைசி 12 பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்! உண்மையில் 100 பள்ளியும் ஒரே தரம். இதே 80 சதவீத வாய்ப்போடு 200 பேர் எழுதும் பெரிய பள்ளியை எடுத்துக்கொண்டால், அதன் முடிவு பெரும்பாலும் 75-க்கும் 85-க்கும் நடுவிலேயே இருக்கும். அங்கே சென்டம் தற்செயலாக வராது. 60-க்குத் தற்செயலாக விழவும் செய்யாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்ததால் அது சரி. பிள்ளைகள் அப்படி வேகுவதில்லை.

சதவீதமே வேண்டாம் என்கிறீர்களா? பிறகு எதை வைத்துப் பள்ளியை எடை போடுவது?

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓராண்டுச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து ஆண்டு முடிவைச் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பத்தாக ஐந்து ஆண்டு என்றால் 50 பேர். மேலே சொன்ன தற்செயல் ஆட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

சேர்ப்பதிலும் ஒரு கவனம் தேவை. ஓராண்டு 4 பேர் எழுதி 2 பேர் தேர்ச்சி என்றால் 50 சதவீதம். மறு ஆண்டு 16 பேர் எழுதி 16 பேரும் தேர்ச்சி என்றால் 100 சதவீதம். இரண்டு சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 75 வரும். ஆனால் எழுதியவர்கள் 20 பேர், தேறியவர்கள் 18 பேர், அதாவது 90 சதவீதம். தலைகளை எண்ணுங்கள், சதவீதங்களைக் கூட்டாதீர்கள். பள்ளி ஆண்டறிக்கைகளில்கூட இந்தத் தப்பைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பள்ளிக்கே பாதகமாக.

இரண்டாவதாக, பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்று பாருங்கள். நான்காம் வகுப்பில் சேரும்போது எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறிய ஒரு பிள்ளை, வருடக் கடைசியில் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறியாவது படித்து அர்த்தம் சொல்கிறது. தேர்வில் அதற்கு ஃபெயில் மதிப்பெண்தான். பக்கத்து இருக்கையில் இன்னொரு பிள்ளை வரும்போதே நன்றாகப் படிக்கும். வருடம் முழுக்க அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு முதல் ரேங்க். பள்ளி யாருக்கு என்ன செய்தது என்பதற்கு ரேங்க் பட்டியலில் பதில் கிடைக்காது.

சிறிய பள்ளியில் இதைக் கேட்பது சுலபம். ஜூனியர் வகுப்பில் எழுதிய பழைய நோட்டையும் இப்போதைய நோட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய நோட்டு இல்லையென்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்.

மோசமான வருஷத்துக்குப் பிறகு புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள், தேர்ச்சி ஏறிவிட்டது. திட்டம் பலித்தது என்று சொல்லலாமா?

உடனே சொல்ல முடியாது. 1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து ஒன்றைக் கவனித்தார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரை விடக் கொஞ்சம் குள்ளமாகவும், மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் கொஞ்சம் உயரமாகவும் இருந்தார்கள். தற்செயலும் சேர்ந்து எல்லை தாண்டிப் போனது அடுத்த முறை பெரும்பாலும் சராசரி பக்கமே திரும்பும். தேர்ச்சி விகிதமும் அப்படித்தான். படுமோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஏறும்.

எங்கள் ஆசிரியர் வட்டத்தில் இதை வேறு மாதிரி சொல்வோம். தேர்ச்சி விழுந்த ஆண்டுக்குப் பிறகு பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியர் கொடுத்துவைத்தவர். சென்டம் வாங்கிய ஆண்டுக்குப் பிறகு வருபவர் பாவம்.

ஒரே அறையில் மூன்று வகுப்பை உட்கார வைக்கிறார்களாமே? என் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயமும் இதுதான்.

அந்த அறையில் முக்கால் மணி நேரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கரும்பலகை நடுவே சாக்பீஸால் இரண்டு கோடு, மூன்று பாகம். இடது பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு ஆறு. நடுவில் நான்காம் வகுப்புக்குப் படம் பார்த்து ஐந்து வாக்கியம். வலது பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். ஆசிரியர் முதல் பத்து நிமிடம் ஐந்தாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை எட்டாக மடித்துக் காட்டுகிறார். பிறகு அவர்களைக் கணக்குப் போட விட்டு மூன்றாம் வகுப்புக்கு நகர்கிறார். கடன் வாங்கிக் கழிப்பதில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் நான்காம் வகுப்பில் சண்டை, ரப்பர் யாருடையது என்று. இவ்வளவுக்கும் நடுவே மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் கழித்தலை முடித்துவிட்டு, வலது பக்கத்துப் பின்னத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாடம் அவளுக்கு வரும்போது புதிதாக இருக்காது.

இது நல்ல நாள். கெட்ட நாளில் இரண்டு வகுப்பு கரும்பலகையைப் பார்த்துக் காப்பி எழுதிக்கொண்டிருக்கும், ஆசிரியர் மூன்றாவது வகுப்பில் மாட்டிக்கொண்டிருப்பார். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அமைதியாக இருப்பதால் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் வீன்மன் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் வெளியிட்டார். பலவகுப்பு அறையில் படித்த பிள்ளைகளுக்கும் தனித்தனி வகுப்பில் படித்தவர்களுக்கும் கற்றலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்பதே அவர் கண்டது. சேர்ந்து உட்காருவதால் தானாகக் கெட்டுப்போவதும் இல்லை, தானாக ஓங்கிவிடுவதும் இல்லை.

கொலம்பியாவில் 1970-களில் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். எஸ்குவேலா நுவேவா, அதாவது புதிய பள்ளி என்று பெயர். விக்கி கோல்பெர்ட் அதன் முன்னோடிகளில் ஒருவர். கிராமப்புறத்தில் ஒன்றிரண்டு ஆசிரியர் மட்டும் இருக்கும் பள்ளிகளுக்கானது. பிள்ளைகள் ஆசிரியருக்காகக் காத்திராமல் தாங்களே படித்து, செய்து பார்த்து, அடுத்த படிக்கு நகரும்படி வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதினார்கள். விடுப்பில் போன பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு இது வேறு பல நாடுகளுக்கும் பரவியது. பலவகுப்பு அறையில் வேலை செய்வது ஆசிரியரின் குரல் அல்ல, ஆசிரியர் பக்கத்தில் இல்லாத அரை மணி நேரத்தில் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். என் அனுபவமும் அதேதான்.

ஆகவே பள்ளிக்குப் போனால் ‘எத்தனை வகுப்பை ஒன்றாக வைக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘நீங்கள் மற்ற வகுப்போடு இருக்கும்போது என் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான்’ என்று கேளுங்கள்.

பிள்ளைகள் குறைவென்றால் ஆசிரியர் கவனம் கூடும். மதிப்பெண்ணும் கூடத்தானே வேண்டும்?

கூடலாம். இதைச் சோதித்த பேர்போன ஆய்வு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி நான்கு ஆண்டு நடந்தது. ஸ்டார் திட்டம் என்று பெயர். 79 பள்ளிகள், சுமார் 11,600 பிள்ளைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் இருக்கும் வகுப்பிலும், சிலரை 22 முதல் 25 பேர் இருக்கும் வகுப்பிலும் உட்கார வைத்தார்கள். சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் மேலே வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாகவே இருந்தது. எல்லாம் தொடக்க வகுப்புகள் என்பதை மறக்கக் கூடாது.

இதைப் பார்த்துக் கலிபோர்னியா 1996-இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைத்தது. வகுப்புகள் கூடின, ஆசிரியர்கள் போதவில்லை. பயிற்சி முடிக்காதவர்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. டென்னசியில் கண்ட அளவுக்கு ஏற்றம் கலிபோர்னியாவில் கிடைக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிறிய வகுப்பு வேறு, சிறிய பள்ளி வேறு. 30 பேர் படிக்கும் பள்ளியில் ஒரே ஆசிரியர் இருந்தால் அவருக்கு அது 30 பேர் வகுப்புதான், அதுவும் ஐந்து பாடத்திட்டத்தோடு. பதிவேட்டில் வகுப்புக்கு ஆறு பேர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ‘ஆறு பேருக்கு ஒரு ஆசிரியர்’ என்று எண்ணிவிடாதீர்கள்.

சிறிய பள்ளிகள்தான் சிறந்தவை என்று ஆய்வுகள் சொல்வதாகப் படித்தேனே?

நானும் படித்தேன், சந்தோஷப்பட்டேன். பிறகு அந்தச் சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது.

2000-ஆம் ஆண்டையொட்டி கேட்ஸ் அறக்கட்டளை அமெரிக்காவில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைப் பிரித்துச் சிறிய பள்ளிகளாக்கவும், புதிதாகச் சிறிய பள்ளிகள் தொடங்கவும் நிதி கொடுக்க ஆரம்பித்தது. உயர்நிலைப் பள்ளிகளை மேம்படுத்த மொத்தம் 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அப்போது அடிக்கடி சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அதிக மதிப்பெண் வாங்கும் பள்ளிகளின் பட்டியலில் சிறிய பள்ளிகள் நிறைய இருக்கின்றன என்பது.

உண்மைதான். ஆனால் ஹோவர்ட் வெய்னர், ஹாரிஸ் ஸ்வெர்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பட்டியலை அடிவரைக்கும் புரட்டினார்கள். பென்சில்வேனியாவில் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்கள். மேலே நிற்கும் 50 பள்ளிகளில் 6, மாநிலத்தின் மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. சாதாரணமாக ஒன்றோ இரண்டோதான் இருந்திருக்க வேண்டும். அடியில் கிடந்த 50 பள்ளிகளில்? 9. மேலே கொடி நாட்டியதும் சிறிய பள்ளிகள், கீழே விழுந்து கிடந்ததும் சிறிய பள்ளிகள். முன்னால் பத்துப் பேர் கணக்கில் பார்த்த அதே ஆட்டம்தான், மாநில அளவில்.

2009-இல் பில் கேட்ஸே தன் ஆண்டுக் கடிதத்தில், தாங்கள் பணம் போட்ட சிறிய பள்ளிகளில் பலவற்றில் மாணவர்களின் கற்றல் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கதை அதோடு முடியவும் இல்லை. நியூயார்க் நகரில் அதே காலத்தில் தொடங்கிய சிறிய உயர்நிலைப் பள்ளிகளில், இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தபோது குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சிறிய பள்ளிக்குப் போனவர்களில் படிப்பை முடித்தவர்கள் கூடுதல் என்று கண்டார்கள். அந்தப் பள்ளிகள் சிறியவையாக மட்டும் இருந்துவிடவில்லை. ஒவ்வொரு மாணவரையும் கவனிக்கத் தனிப்பட ஒருவர், கடினமான பாடத்திட்டம், வெளி அமைப்புகளின் துணை என்று பலவும் சேர்ந்திருந்தன. அளவு குறைந்தால் இவற்றைச் செய்ய இடம் கிடைக்கும். அந்த இடத்தைச் சும்மா போட்டு வைப்பவர்களும் உண்டு.

வகுப்பிலேயே எட்டுப் பேர். நட்பு வட்டம் குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது மாதிரி ஆகிவிடாதா?

ஆகும் ஆபத்து உண்டு. பெரிய பள்ளியில் ஒரு குழுவோடு ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு குழு கிடைக்கும். எட்டுப் பேரில் மூன்று பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்துவிட்டால் மூன்றாமவள் தனி மரம். அதே முகங்கள், அதே இருக்கை, ஐந்து ஆண்டு. ஒன்றாம் வகுப்பில் வைத்த பட்டப்பெயர் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும்.

அதே சமயம், சிறிய பள்ளியில் வயது வேலி அவ்வளவு உயரமில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு விளையாடுவதை யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் அணி சேர்க்க ஆளே அவர்கள்தான். உங்கள் பிள்ளைக்குத் தன் வகுப்பில் நண்பர் இல்லையென்றால் மேலே கீழே ஒரு வகுப்பு தள்ளித் தேடச் சொல்லுங்கள்.

கேலியும் ஒதுக்கி வைப்பதும் இங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி என்று சொல்லிச் சொல்லியே, கண் முன்னால் நடப்பதை விளையாட்டு என்று விட்டுவிடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. ஒரு பிள்ளை இடைவேளையில் தினமும் என் மேசைப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தாள். சாக்பீஸ் எடுத்துத் தரட்டுமா, பலகை துடைக்கட்டுமா என்று கேட்பாள். பொறுப்பான பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தேன். வெளியே போனால் பேச ஆளில்லை என்பதால்தான் உள்ளேயே நிற்கிறாள் என்று எனக்கு உறைக்க ஒரு பருவமே ஆயிற்று.

ஆய்வகம், விளையாட்டு, கலை எல்லாம் குறைவுதானே?

குறைவுதான். மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1964-இல் உளவியலாளர்கள் ரோஜர் பார்க்கரும் பால் கம்பும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் கன்சாஸில் 13 உயர்நிலைப் பள்ளிகள். மிகச் சிறியதில் 35 பேர், மிகப் பெரியதில் 2,287 பேர். பெரிய பள்ளியில் என்னென்னவோ இருந்தன. ஆனால் பெரும்பாலோர் பார்வையாளர்கள். சிறிய பள்ளியில் இருந்தது கொஞ்சம்; நாடகமானாலும் பந்தாட்டமானாலும் ஆள் பற்றாக்குறை. அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் இழுத்து ஒரு பொறுப்பில் போட்டார்கள்.

ஆண்டு விழா வந்தால் எங்கள் பள்ளியிலும் இதே கதை. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கும் வசனம் உண்டு, ஏனென்றால் ராஜாவுக்கு மந்திரி வேண்டும், வேறு ஆள் இல்லை. ‘மன்னா, எதிரி படை வந்துவிட்டது’ என்ற ஒரே வரியை நான்கு வாரம் ஒத்திகை பார்த்த ஒரு பையன், மேடையில் அதை ராஜாவைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு வகுப்பில் கை தூக்க ஆரம்பித்தான்.

வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் உரிமை சிறிய பள்ளியில் இல்லை என்பதும் உண்மை. சில பிள்ளைகளுக்கு அது பாரம்.

என் மகள் வகுப்பில் எப்போதும் முதலிடம். அவள் நன்றாகப் படிக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழு பேரில் முதலிடம் என்பது ஏழு பேரில் முதலிடம், அவ்வளவே. ரேங்கைப் பார்க்காமல், அந்த வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் அவளுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். முன்பின் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கொடுங்கள்.

கடைசி ரேங்க் பிள்ளைக்கும் இதே பதில்தான். ஏழாவது ரேங்க் என்றாலே மக்கு என்று முத்திரை குத்திவிடுகிறோம். நல்ல ஏழு பேர் சேர்ந்த வகுப்பிலும் ஒருவர் ஏழாவதாக வந்துதானே ஆக வேண்டும்?

ஒரு நல்ல ஆசிரியர் மாறிப் போனால் பள்ளியே ஆட்டம் காணுமா?

காணும். 40 ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் போனால் நாற்பதில் ஒரு பங்கு. மூன்று பேர் இருக்கும் பள்ளியில் மூன்றில் ஒரு பங்கு. எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருந்திருக்கும், தாளில் இருக்காது. போகும் முன் பிள்ளைக்கு ஒரு பக்கமாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி பள்ளி கேட்கிறதா என்று விசாரியுங்கள். நான் மாறியபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகவும் எழுதவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

பெரிய பள்ளிக்குப் போனதும் தடுமாறுவார்களா?

முதல் பருவம் பலரும் தடுமாறுவார்கள். பாடத்தில் என்பதைவிட மற்றதில்: பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறுவது, அறை மாறுவது, தன் பெயர் யாருக்கும் தெரியாதது. இங்கே ஆசிரியர் முகத்தைப் பார்த்தே சந்தேகத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே கை தூக்கிக் கேட்க வேண்டும். கடைசி வருஷத்தில், ‘புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள். நேர அட்டவணையைத் தானே பார்த்துப் பை அடுக்கவும் பழக்குங்கள். இந்த இரண்டும் வந்துவிட்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைக்குச் சிறிய பள்ளி ஏற்றதா?

சிரமம் சீக்கிரம் கண்ணில் படும், அது லாபம். கண்ணில் பட்ட பிறகு உதவச் சிறப்புப் பயிற்சி பெற்றவர் பள்ளியிலேயே இருப்பது அரிது, அது நஷ்டம். வாரத்துக்கு ஒரு நாளாவது அப்படி ஒருவர் வருகிறாரா, வந்தால் பிள்ளையோடு எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அன்பாகப் பார்த்துக்கொள்வோம் என்பது மட்டும் போதாது.

நாங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறோம். தேர்வு முடிவை எப்படி வெளியிடுவது?

இதில்தான் நிறைய பள்ளிகள் தெரியாமல் பிள்ளைகளைக் காயப்படுத்துகின்றன. ‘தேர்வு எழுதியவர் 9, தேர்ச்சி 8’ என்று வாசல் பலகையில் எழுதினால் அந்த ஒருவர் யார் என்று பெயர் எழுதத் தேவையே இல்லை; மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘மாணவியர் தேர்ச்சி 50 சதவீதம்’ என்று எழுதினால், எழுதியது இரண்டு மாணவியர் என்பது ஊரறிந்தது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பத்துப் பேருக்கும் குறைவான குழுவின் முடிவைத் தனியாக வெளியிடுவதில்லை, இந்தக் காரணத்துக்காகவே.

ஐந்து ஆண்டு எண்ணிக்கையைச் சேர்த்து, எழுதியவர் இத்தனை, தேறியவர் இத்தனை என்று போடுங்கள். ஆண், பெண், பிரிவு வாரியாகப் பிரிப்பதைக் குழுக் கூட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்தப் பிள்ளையின் முடிவை அந்தந்தப் பெற்றோரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், பழைய நோட்டையும் புது நோட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு. பத்துப் பேருக்கு ஆளுக்கு இருபது நிமிடம் என்றாலும் மொத்தம் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 200 பேர் இருக்கும் பள்ளியால் இதைச் செய்ய முடியாது.